மறு உத்தரவு வரும் வரை

எல்லா ஊரிலும் கோயில் மணி அடித்தால் ஜனங்கள் கோயிலுக்கு வருவார்கள். கொல்லிமலையில் நான் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்த ஊரில் மணி அடித்தால் ஜனங்கள் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய், வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடவுளுக்கும் அந்த ஊருக்கும் ஏதோ வாய்க்கால் தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

மணியை அடித்தவர் ஒரு அம்மா. அறுபது வயதை ஒட்டி இருக்கும். குள்ளம், கெட்டி உடம்பு. இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். அதைப் பார்க்காமல் அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முடித்து நான் கேட்டதில்லை. சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த இடைத்தரகரும் உள்ளே நுழைந்திருக்க மாட்டான்.

எனக்கு ராசிபுரம் பக்கம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுக்காமல் கடந்து போய் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், "பழைய மாதா கோயில் ஒண்ணு இருக்குதுங்க மேடம், வெளியூர்க்காரங்கெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்று என் கிராம உதவியாளர் சொன்னார். போனேன். செங்கல் நிறக் கல் கட்டடம். வாசலில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க பங்குக் கோயில்' என்று ஒரு பலகை. என்ன வரலாறு, என்ன சிறப்பு என்று எழுத அடியில் நிறைய இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் யாரோ ஒரு இதயத்தை வரைந்து, உள்ளே இரண்டு எழுத்துகளைப் போட்டிருந்தார்கள். வாசலூர்பட்டி படகுத்துறையில் படகு கிடைக்காதவர்கள் பொழுதுபோகாமல் இங்கே வருவது வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

சுவர்களைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சிவப்பாகிவிட்டது. கல்லே சிவப்பு இல்லை, அத்தனையும் பாக்சைட் தூசி. அந்த ஊருக்கு மேற்கே ஒரு காலத்தில் பாக்சைட் சுரங்கம் இருந்தது. அதன் லாரிகள் கோயிலை உரசிக்கொண்டுதான் போகும். கோயில் வெள்ளைக்காரச் சாமியார் காலத்தது, சுரங்கம் அதற்குப் பிந்தியது, தூசி இரண்டுக்கும் பொது. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்து மூலிகைப் பூச்சு' என்று ஒரு சுற்றுலாப் பயணி தன் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்ததை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே மணி அடித்தது. படபடவென்று, நெருப்புப் பிடித்த மாதிரி. ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்தது. கதவு சாத்தப்பட்டது.

"வெளிய நின்னு மண்டைய ஒடைச்சுக்கறதுக்கா கண்ணு கவுருமெண்டு உன்னைய அனுப்புச்சுது?" என்றார் அந்த அம்மா.

"என்னங்க ஆச்சு?"

"வேட்டு."

"எங்கீங்க?"

"சுரங்கத்துல."

"சுரங்கத்த மூடி ரொம்ப வருசமாச்சுன்னு ஆபீசுல சொன்னாங்களே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

பத்து நிமிடம் இருவரும் இருட்டில் நின்றோம். எந்த வேட்டும் வெடிக்கவில்லை. பிறகு அவர் கயிற்றைப் பிடித்து மூன்று முறை நிதானமாக அடித்தார். வெளியே கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. குழந்தைகள் தெருவுக்கு வந்தன, கோழிகள் வந்தன. ஊர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

விஷயம் இதுதான். சுரங்கம் ஓடிய காலத்தில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வேட்டு வைப்பார்கள். கல் தெறித்து ஊருக்குள் விழும். கம்பெனியின் சங்கு மின்சாரம் இருந்தால்தான் ஊதும். மின்சாரம் எப்போது இருக்கும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்பதால், வேலையைக் கடவுளின் மணியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். படபடவென்று அடித்தால் உள்ளே போ. நிதானமாக மூன்று அடித்தால் வெளியே வா. அடித்துக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். கோயிலை ஒட்டிக் குடியிருந்த இந்த அம்மா அப்போது சின்ன வயசு. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து அடித்திருக்கிறார். மறுநாளே கம்பெனி மேலாளர் ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுத்தார். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். 'மறு உத்தரவு வரும் வரை தினசரி எச்சரிக்கை மணி அடிக்கும் பொறுப்பு இன்னாருக்கு' என்று இருக்கும்.

மறு உத்தரவு வரவில்லை. சுரங்கம் மூடியது, லாரிகள் போயின, காவலாளி போனான், கம்பெனிப் பலகையை யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கதவாக வைத்துக்கொண்டார்கள். உத்தரவு மட்டும் வரவில்லை. அதனால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறு உத்தரவு வராத ஒரே காரணத்தால் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்களில்தான் நானும் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன்.

"லாரி வரலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று ஒருமுறை சொன்னார். "நாளைக்கே திரும்ப ஆரமிச்சாங்கன்னா? அன்னைக்கி நான் அடிக்காம உட்டுட்டன்னா?"

இதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது ஊர்தான். மூடிய சுரங்கத்துக்குப் பயந்து, வாசல் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் குழம்பைக்கூட இறக்கி வைக்காமல் உள்ளே ஓடுவார்கள். கோயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சுரங்கத்தில் துளை போடும் இயந்திரம் ஓட்டியவர். அவர் பாய்லரை அணைத்துவிட்டு முதல் ஆளாகப் போவார். ஏன் இன்னும் டீக்கடையிலேயே இருக்கிறீர்கள், பிள்ளைகள் திருப்பூருக்குக் கூப்பிடுகிறார்களே என்று கேட்டால், "இது சும்மா, கம்பெனி தொறக்கற வரைக்குமுங்க" என்பார். பன்னிரண்டு மணிக்கு வரும் மினி பஸ் ஓட்டுநர்கூடப் பழகிக்கொண்டு, தகரக் கொட்டகைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிடுவார். ஒருமுறை படகுத்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கி, சிரித்த முகத்தோடு தெருவில் நடக்கத் தொடங்கிய நேரம் பார்த்து மணி அடித்துவிட்டது. கண்ணெதிரே தெருவே காலியாகி, ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியாட்களைக் கண்டாலே ஆகாது என்று அவர்கள் இணையத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

பூசைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். பூசைக்கு அந்த அம்மா மணி அடிக்க மாட்டார். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தட்டிக்கொண்டு போவார். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பங்குச் சாமியார், 'இது என்ன கூத்து' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே கயிற்றை இழுத்து உற்சாகமாக அடித்தார். ஊர் முழுக்க வீட்டுக்குள் போய்விட்டது. பத்து மணிக்கு வேட்டா என்று பயந்து சிலர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். நிதானமாக மூன்று அடிக்க வேண்டும் என்பது சாமியாருக்குத் தெரியாது. மேய வந்த இரண்டு வெள்ளாடுகளுக்கு அவர் அன்றைக்குப் பிரசங்கம் செய்ததாகச் சொல்வார்கள். வெள்ளாடுகள் கடைசிவரை இருந்தன என்பதையும் மறக்காமல் சொல்வார்கள்.

அந்த அம்மா போய் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாமி, உள்ள போன்னு சொல்றதுக்கும் வெளிய வான்னு சொல்றதுக்கும் ஒரே மாதிரி மணி அடிச்சா, என்னைக்காச்சும் ஒருத்தன் சாவானுங்க."

இதில் வேண்டியவர் வேண்டாதவர் என்று அவருக்கு இல்லை. அவருடைய வீட்டுக்காரர் இறந்தபோது யாரோ ஒரு சொந்தக்காரர், வழக்கப்படி துக்க மணி அடிக்கலாம் என்று கோயிலுக்குப் போனார். இவர் பிணத்தை விட்டு எழுந்து போய், அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினார். "அந்தாளு செத்ததுக்கு ஊரே எதுக்குங்க கதவச் சாத்தோணும்?" என்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து அழுதாராம். எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த மணிக்குத்தான் ஆபத்து வந்தது.

சுரங்கம் போன பிறகு பங்கில் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஆயர் இல்லத்தில் யோசித்திருக்கிறார்கள். கீழே சமவெளியில் புதிதாக ஒரு கோயில் கட்டி, வானளாவக் கோபுரமும் எழுப்பி, மணிக்கு மட்டும் வழியில்லாமல் இருந்தார்கள். மேலே வெள்ளைக்காரன் வார்த்த மணி சும்மா தொங்குகிறது. கோயிலைப் பூட்டிவிட்டு மணியைக் கீழே கொண்டுபோகலாம் என்று பேச்சு. முடிவெடுக்க ஒரு ஃபாதரை அனுப்பிவைப்பதாகக் கடிதம் வந்தது. அவர் தொலைபேசியில் பங்குச் சாமியாரிடம் சொன்னாராம்: "மணி அடிச்சா ஆள் வராத ஊருக்கு மணி எதுக்கு? ஞாயிற்றுக்கிழமை வர்றேன். மணி அடிச்சு ஜனங்க கோயிலுக்குள்ள வர்றத நான் கண்ணால பாக்கணும். வந்தா மணி இங்கயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. எந்த ஊருக்கும் பொருந்தும், இந்த ஊரைத் தவிர.

பங்குச் சாமியார் கெஞ்சினார். டீக்கடைக்காரர் கெஞ்சினார். எனக்கும் மாதா கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தும் நானும் போய்க் கெஞ்சினேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தால் போதும், ஜனங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடலாம் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு வேட்டு இல்லீங்களே கண்ணு" என்றார்.

"மணியவே கழட்டிட்டுப் போயிருவாங்க."

"அதுக்குன்னு பொய் அடிக்க முடியுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் தட்டைத் தட்டி ஊரைக் கூட்டிவிட்டார். பூசைக்குப் பிறகு சாப்பாடு என்பதால் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் எல்லாரும் கோயில் மைதானத்தில் நின்றார்கள். பறை வந்தது, மாலை வந்தது, டீக்கடைக்காரர் வண்ணக்குடையோடு நின்றார். ஃபாதர் மட்டும் வரவில்லை. எழுபது வளைவுகளில் எத்தனையாவது வளைவில் அவருக்கு வயிறு புரட்டியது என்பது பற்றி இருவேறு தகவல்கள் இருந்தன. பதினொன்றே முக்காலுக்கு மேல் ஜீப்பிலிருந்து வெளிறிய முகத்தோடு இறங்கினார். மாலை போட்டார்கள். குடை பிடித்தார்கள்.

"சரி, எங்க, மணி அடிங்க பாப்போம்" என்றார் ஃபாதர்.

"இன்னும் ஆறு நிமிசம் இருக்குதுங்க சாமி" என்றார் அந்த அம்மா.

ஒழுங்கு என்றால் இதுதான் ஒழுங்கு என்று ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் தெரியும். ஆறு நிமிடம் கழித்து மணி அடிக்கும், ஊர் அவர் கண்ணெதிரே தலைதெறிக்க ஓடும், சாயங்காலம் மணி லாரியில் இறங்கும். அதை நேரில் பார்க்க நானே இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு. மணி படபடவென்று அடித்தது. ஊர் ஓடியது. ஆனால் பெரும்பாலான வீடுகள் மைதானத்திலிருந்து தூரம். பக்கத்தில் அத்தனை பேருக்கும் இடம் இருந்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். பறைக்காரர்கள் பறையோடு, பெண்கள் குழந்தைகளோடு, மினி பஸ் ஓட்டுநர், டீக்கடைக்காரர் மடக்க நேரமில்லாமல் விரித்த குடையோடு, எல்லாரும் கோயிலுக்குள் பாய்ந்தார்கள். என்னையும் யாரோ இழுத்துக்கொண்டார்கள். வாசலில் தனியாக நின்ற ஃபாதரின் கண் கலங்கியிருந்தது. கடவுளின் வீட்டுக்கு இப்படி முண்டியடித்து ஓடும் ஜனங்களை அவர் எங்கே பார்த்திருக்கப்போகிறார்.

உடனே பூசையைத் தொடங்கிவிட்டார்.

பத்து நிமிடம் ஆனதும் எனக்கு உறைத்தது. இப்போது நிதானமாக மூன்று அடிக்க வேண்டும். அடித்தால் அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள், பாதிப் பூசையில், ஃபாதரின் மூக்குக்கு முன்னால். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், கோபுரத்துக்கு அடியில் அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பத்து நிமிசம் ஆச்சு கண்ணு" என்றார்.

"பூசை முடியட்டுமுங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

"வேட்டு முடிஞ்சுதுன்னு சொல்லோணுமில்ல? சனங்க காத்திட்டிருக்கறாங்க."

"இப்ப அடிச்சீங்கன்னா மணி போயிரும். இருவது நிமிசம். அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கயிற்றிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. இந்த வேலையில் நான் எத்தனையோ கோப்புகளை 'கொஞ்சம் பொறுத்து' என்று நிறுத்திவைத்திருக்கிறேன். அதே பழக்கத்தில் அவரையும் நிறுத்திவைத்தேன்.

நிறைந்த கோயிலைப் பார்த்த ஃபாதருக்குப் பிரசங்கம் ஊற்றெடுத்தது. இருபது நிமிடம் ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மலை மழை, சொல்லிவிட்டு வராது. வெளியே ரோட்டில் நீளத்துக்குக் கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டதும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. மழையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தன. அவர் கை அசையவில்லை. தலைகள் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டன. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் மணிக்கட்டை நான் விடவில்லை.

பூசை முடிந்ததும் மூன்று அடித்தார். ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். கேழ்வரகு ஓடையோடு போயிருந்தது. டீக்கடைக்காரருடையதும்தான். யாரும் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னைக்கி வேட்டு நேரமாயிருச்சு போல, நம்ம உசுரு தப்புச்சுதே" என்று டீக்கடைக்காரர் சாக்கில் மிச்சத்தை அள்ளினார். திட்டியிருந்தால் அந்த அம்மா தாங்கியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் தடுக்கத் தடுக்க அவர் நேராக ஃபாதரிடம் போனார்.

"சாமி, இவிங்க பூசைக்கு வரலீங்க. வேட்டுக்குப் பயந்துட்டு உள்ள வந்தாங்க. நாந்தான் வெளிய உடாம வெச்சிருந்தேன்."

ஃபாதர் முழு விவரமும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சத்தம்போட்டுச் சிரித்தார். "போங்கம்மா, எல்லா ஊர்லயும் பயந்துட்டுத்தான் வர்றாங்க. இங்க ஓடியாவது வந்தாங்க" என்று அவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஜீப்பில் ஏறினார். மணி இங்கேயே இருக்கட்டும் என்று அறிக்கை எழுதினார். அதில் அந்த ஊர் ஜனங்களின் விசுவாசத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்ததாம். கடைசியில் அந்தக் கோயிலுக்கு ஒரு வரலாறும் கிடைத்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனேன். ஊர் முழுக்க வாசல்படிகளில் நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரு பெண் பாதி மூடிய சோற்றுப் பானையோடு நின்றாள். மினி பஸ் தகரக் கொட்டகைக்கு வெளியே நடுரோட்டில் நின்றது. எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

தட்டினேன். திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இனி நான் அடிக்கமாட்டேன் கண்ணு."

"நேத்து நடந்தது என்னோட தப்புங்க. நாந்தானே பிடிச்சு நிறுத்துனேன்."

"கை என்னோடதுதானுங்களே" என்றார். "மழைன்னு தெரிஞ்சும் ஒருத்தர்கூட எந்திரிக்கல, பாத்தீங்கல்ல? அத்தன பேரு நம்பற மணிய நான் எப்படித் தொடறது?"

உத்தரவு வரவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. படி இறங்கித் திரும்பினேன்.

டீக்கடைக்காரர் தெருவில் எனக்காகக் காத்து நின்றார். பாய்லரை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஏனுங்க வி.ஏ.ஓ. அம்மா, மணி அடிக்கலியே" என்றார். "அப்ப கம்பெனிய மூடிட்டாங்களா?"

எதற்கும் ஒரு குத்தல் பதில் வைத்திருப்பேன் நான்.

"ஆமாங்க" என்றேன்.

"எப்பங்க?"

"நேத்துங்க."